பனிச்சறுக்குப் பிணைப்பும் முழங்காலும்

வெயிலும் மழையும் அன்றி வேறு பருவம் அறியாத ஊர் சிங்கப்பூர். சிராங்கூன் சாலையில் நின்றுகொண்டு பனிச்சறுக்கைப் பற்றிப் பேசுவானேன் என்று அன்பர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. அதற்கு மூன்று விடைகள் உண்டு.

முதலாவது, நம்மவர் இன்று பனியைத் தேடிப் போகிறார்கள். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் ஜப்பானின் ஹொக்கைடோவுக்கும் கொரியாவுக்கும் குடும்பத்தோடு சென்று, வாழ்நாளில் முதன்முறையாகச் சறுக்குக்கட்டைகளைக் காலில் மாட்டிக்கொள்ளும் சிங்கப்பூர்த் தமிழர் உளர். இரண்டாவது, இவ்விளையாட்டு இன்றைய உருவை அடையப் பெருங்காரணமாயிருந்த ஒருவர் நம் சென்னையில் பிறந்தவர். மூன்றாவது விடையே ஆசிரியர்களாகிய நமக்கு மிகவும் நெருங்கியது. ஒரு துன்பத்தைத் தடுப்பதற்கென்று செய்த கருவி, அதற்கு அண்டையிலேயே நிற்கும் மற்றொரு துன்பத்தை ஏன் தடுப்பதில்லை? இக்கேள்விக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. எனவே அப்பாடத்தை முறையாக ஆராய்வோம்.

சொல்லும் பொருளும்

'ஸ்கீ' என்பது நார்வே நாட்டார் வழங்கிய சொல். பிளந்த மரத்துண்டு என்பது அதன் பழம்பொருள். நாம் அதனைச் சறுக்குக்கட்டை எனலாம். இன்று அது மரத்தால் மட்டும் ஆனதன்று. உலோகமும் கண்ணாடி இழையும் கலந்து அடுக்கப்பட்டது. ஆயினும் பெயர் நிற்கிறது. காலணியைக் கட்டையோடு சேர்த்துப் பிடிக்கும் உறுப்பை ஆங்கிலத்தார் 'பைண்டிங்' என்பர். அதைக் 'கட்டு' என்று மொழிபெயர்த்தால் எலும்பு முறிவுக்குப் போடும் கட்டு நினைவுக்கு வரும். பொருத்தம் ஒருவகையில் உண்டெனினும் குழப்பமும் உண்டு. ஆகவே இக்கட்டுரையில் 'பிணைப்பு' என்றே வழங்குவோம். காலணியின் நுனியைப் பிடிக்கும் பகுதி முன்பிடி. குதியைப் பிடிக்கும் பகுதி பின்பிடி.

இன்னொரு சொல்லையும் வரையறுத்துக்கொள்வது நலம். எலும்பை எலும்போடு இணைப்பதும் ஒரு நார்; தசையை எலும்போடு இணைப்பதும் ஒரு நார். உலக வழக்கில் இரண்டையும் தசைநார் என்றே சொல்லிவிடுகிறோம். ஈண்டுத் தசைநார் என்பது எலும்பை எலும்போடு இணைக்கும் நாரையே குறிக்கும்.

கருதிப் பார்த்தால் தசைநாரும் ஒரு பிணைப்பே. சறுக்குவோன் காலில் இரண்டு பிணைப்புகள் உள்ளன. ஒன்று எஃகாலும் நெகிழியாலும் ஆகி வெளியே இருப்பது. மற்றொன்று உயிருள்ள நாராகி மூட்டுக்குள்ளே இருப்பது. வெளிப்பிணைப்பு விட வேண்டிய வேளையில் விடாமற் போனால் உட்பிணைப்பு அறுகிறது. கட்டுரையின் சாரம் இதுவே. எஞ்சியவை இதன் விளக்கம்.

குதிகாலைக் கட்டிய கதை

பழங்காலத்தில் நார்வே உழவர்கள் காலணியின் நுனியை மட்டும் ஒரு தோல்வளையத்துள் நுழைத்துச் சறுக்கினார்கள். குதிகால் தளர்ந்திருந்தது. சமவெளியில் நடப்பதற்கு அது போதும்; சரிவில் திரும்புவதற்குப் போதாது. டெலமார்க் பகுதியின் மோர்கெடால் என்னும் சிற்றூரைச் சேர்ந்த சோன்ட்ரே நூர்ஹைம் (1825–1897) முறுக்கிய மரவேர்களைக் குதிகாலைச் சுற்றிக் கட்டி, கட்டையைத் தம் விருப்பப்படி திருப்பிக் காட்டினார். 1868-இல் இன்று ஒஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியா நகரில் நடந்த போட்டியில் அவருடைய திறமை நாடறிய வெளிப்பட்டது. 1894-இல் அந்நாட்டவரான ஃபிரிட்ஸ் ஹூயிட்ஃபெல்ட் காலணி நுனியை இருபுறமும் இறுக்கும் இரும்புப் பிடியைப் புனைந்தார்.

இனிச் சென்னைக்கு வருவோம். 1888-இல் சென்னையில், மெதடிஸ்ட் சமயப்பணிக்கென வந்திருந்த ஆங்கிலேய மருத்துவர் ஹென்றி லன்னுக்கு மகனாகப் பிறந்தவர் ஆர்னல்டு லன். குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பிற்காலத்தில் சுவிட்சர்லாந்தின் மலைச்சரிவுகளைத் தம் களமாக்கிக்கொண்டார். 1922-இல் மூரென் என்னும் ஊரில், நட்ட கொடிகளினூடே வளைந்து வளைந்து இறங்கும் 'ஸ்லாலம்' போட்டியின் இன்றைய வடிவத்தை வகுத்தவர் அவரே. மலையிறங்கும் போட்டிகள் 1936-இல் ஜெர்மனியின் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷனில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றதற்கும் அவருடைய விடாமுயற்சி ஒரு பெருங்காரணம். 1909-இல் வேல்சு மலையொன்றில் ஏறும்போது விழுந்து கால் நொறுங்கி, ஒரு கால் மற்றதைவிடக் குட்டையான பின்னரே இவற்றையெல்லாம் அவர் செய்தார் என்பது வியப்பினும் வியப்பு.

அவர் 1911-இல் நடத்திய மலையிறங்கு போட்டிக்குக் கோப்பை தந்தவர் காந்தகார் ராபர்ட்ஸ் பிரபு. ஆப்கான் போரில் பெயர் பெற்றுப் பின் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகவும் இருந்தவர் இவர். இப்படித்தான் ஆப்கான் நாட்டு நகரின் பெயர் சுவிட்சர்லாந்துப் பனிமலையில் ஏறியது. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுவிட்சர்லாந்துக்காரரான குய்தோ ரோய்கே குதிகாலைச் சுற்றி ஓடும் ஒரு கம்பிவடத்தை அமைத்து, குதியைக் கட்டையோடு அழுத்திப் பிடிக்கும் பிணைப்பை உருவாக்கினார். அதற்கும் 'காந்தகார்' என்றே பெயர் வழங்கியது.

இங்கே காரணகாரியத்தைக் கவனிக்க வேண்டும். கொடிகளுக்கிடையே விரைந்து திரும்புவதுதான் போட்டி என்றானதும், கட்டையைக் கால் முழுமையாக ஆள வேண்டியதாயிற்று. ஆள வேண்டுமானால் குதிகால் கட்டையோடு ஒட்ட வேண்டும். குதிகால் ஒட்டியதும், கட்டை எதிலாவது சிக்கினால் அதன் முறுக்கெல்லாம் நேரே காலுக்குள் பாய்ந்தது. ஏறத்தாழ ஆள் உயர நீளமுள்ள கட்டை ஒரு நெம்புகோல். அதன் முனையில் விழும் சிறு விசையும் காலில் பெருவிசையாகும். அந்நாளைய இறுக்கமான பிணைப்புகளுக்குக் 'கரடிப் பொறி' என்று சறுக்குவோரே பட்டப்பெயர் இட்டனர். பிடித்தால் விடாது, விடாக்கண்டன். கீழ்க்கால் எலும்பு முறிவதும் கணுக்கால் முறிவதும் அக்காலத்தில் இவ்விளையாட்டின் வாடிக்கையான விலையாயின.

விடுபடும் பிணைப்பு

நார்வேயிற் பிறந்து அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் குடியேறிய யால்மார் வாம் என்னும் சறுக்கு வீரர் 1937-இல் கால் முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். மயக்கமருந்து தெளியும் வேளையிலேயே, காலணி நுனியை உரிய நேரத்தில் விட்டுவிடும் பிணைப்பொன்று தம் மனத்தில் உருவானதென்றும், பென்சிலும் தாளும் கேட்டு வாங்கி வரைந்ததாகவும் அவர் கூறியுள்ளார். 1939-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1950-இல் பிரான்சு நாட்டவரான ழான் பெய்ல் 'லுக் நெவாடா' என்னும் முன்பிடியைக் கொணர்ந்தார். அதை அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மனியின் ஹன்னெஸ் மார்க்கர் தம் பிணைப்பைக் கொணர்ந்தார். இன்று உலகெங்கும் வழங்கும் பிணைப்புகள் இவற்றின் வழித்தோன்றல்களே.

இது வேலை செய்யும் முறை எளிது. முன்பிடிக்குள் ஒரு சுருள்வில் உண்டு. காலைச் சுற்றும் முறுக்கு ஓர் எல்லையைக் கடந்தால், வில் அமுங்கி முன்பிடி பக்கவாட்டில் திறந்து காலணி நுனியை விடுகிறது. பின்பிடிக்குள்ளும் ஒரு சுருள்வில் உண்டு. உடல் முன்னோக்கி எறியப்பட்டுக் குதி மேலே இழுக்கப்படும்போது அது திறந்துகொள்கிறது. ஆக, முன்னே பக்கவாட்டிலும் பின்னே மேல்நோக்கியும் என இருவழிகளில் மட்டுமே இப்பிணைப்பு விடுபடும். 'இருவழிகளில் மட்டுமே' என்பதை அன்பர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறேன். பின்னால் அது பயன்படும்.

வில்லின் இறுக்கத்தை ஓர் எண்ணால் குறிப்பர். ஜெர்மானியத் தரநிலைக் கழகத்தின் பெயரால் அதற்கு 'டின் எண்' என்று வழக்கு. எந்த எண்ணை வைப்பது என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 11088 என்னும் பன்னாட்டுத் தரநிலை ஓர் அட்டவணை தருகிறது. சறுக்குவோரின் எடை, உயரம், அகவை, காலணி அடியின் நீளம், அவர் நிதானமாகச் சறுக்குபவரா விரைந்து பாய்பவரா என்னும் தன்மை ஆகிய ஐந்தையும் கொண்டு அந்த எண்ணைக் காண வேண்டும். ஐம்பது வயதை எட்டியவர்க்கும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்க்கும் ஒரு படி குறைத்து வைக்கச் சொல்கிறது அட்டவணை. என் போன்ற வயதினர்க்கு இது மதிப்புக் குறைவன்று. எலும்பின் வலு குறைவு என்பதன் ஒப்புதலே.

எலும்பு என்னும் சொல்லிலேதான் முடிச்சு இருக்கிறது. எடையும் உயரமும் எதற்காகக் கேட்கப்படுகின்றன? கீழ்க்கால் எலும்பு எவ்வளவு முறுக்கைத் தாங்கும் என்று மதிப்பிடுவதற்காக. எலும்பு முறியுமுன் வில் திறக்க வேண்டும் என்பதே கணக்கு. கணக்குப் பலித்தது. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்துச் சுகர்புஷ் மலையில் ராபர்ட் ஜான்சன், கார்ல் எட்லிங்கர், ஜாஸ்பர் ஷீலி ஆகிய மூவர் 1972 முதல் ஆண்டுதோறும் காயங்களைப் பதிவு செய்து வந்தனர். அடுத்த இருபது ஆண்டுகளில் கீழ்க்கால் காயங்கள் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் குறைந்துவிட்டன. விளையாட்டுக் கருவியொன்று இவ்வளவு துல்லியமாக ஒரு துன்பத்தை ஒழித்தது அருமை.

எலும்பு தப்பியது, நார் அறுந்தது

ஆயினும் அதே பதிவேட்டில் வேறொரு செய்தியும் தெரிந்தது. அதே காலத்தில் முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் அறுந்து வருவோர் தொகை இரண்டு மடங்குக்கும் அதிகமாகப் பெருகியது. இன்றும் பனிச்சறுக்கில் நேரும் காயங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒன்று முழங்காலைச் சேர்ந்தது. பெண்டிர்க்கு இந்நார் அறும் வாய்ப்பு ஆடவரைவிட மிகுதி.

என்னிடம் தோட்டப் பள்ளியிற் பயின்று, இப்போது சிங்கப்பூரிற் பணிபுரியும் ஓர் அன்பர் விடுமுறைக்கு ஜப்பான் சென்றார். மூன்றாம் நாள், வேகமாகச் சறுக்கும்போதன்று, ஏறத்தாழ நின்றுவிடும் நிலையில், பின்னோக்கி உட்காருவது போல் விழுந்தார். முழங்காலுக்குள் 'டக்' என்று ஓர் ஓசை. பார்த்தால் கட்டை இன்னும் காலிலேயே இருந்தது. “ஐயா, பிணைப்புப் பழுதா? பழுதில்லை, அளவு சரியாகவே வைத்திருந்தோம் என்கிறார்களே, அப்படியானால் ஏன் திறக்கவில்லை?” என்று என்னைக் கேட்டார். இரு கூற்றும் ஒருங்கே உண்மையாயிருக்கக் கூடும் என்பதை அவருக்கு விளக்க முயன்றதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் முழங்காலின் அமைப்பைப் பார்ப்போம். மேலே தொடை எலும்பு. கீழே கீழ்க்கால் எலும்பு. ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்திருக்கும் இவற்றை நான்கு முதன்மைத் தசைநார்கள் பிணைக்கின்றன. உட்புறத்தில் ஒன்று, வெளிப்புறத்தில் ஒன்று, மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும் இரண்டு. நடுவிலுள்ள இரண்டில் முன்னதே முன் குறுக்குத் தசைநார். மருத்துவமனைகளில் 'ஏசிஎல்' என்று சுருக்கிச் சொல்வர். நீளம் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர்தான். கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமலும் உள்நோக்கித் திருகாமலும் காப்பது அதன் கடமை. முறிந்த எலும்பு தானே கூடும். மூட்டுநீரில் மூழ்கிக் கிடக்கும் இந்நாரோ முழுதும் அறுந்தால் பெரும்பாலும் பழையபடி கூடுவதில்லை. வேறிடத்து நாரை எடுத்து அவ்விடத்தில் பொருத்தும் அறுவை மருத்துவமே பலர் கொள்ளும் வழி. எல்லார்க்கும் அறுவை தேவைப்படுவதில்லை. முறையான பயிற்சியாலேயே நடமாட்டத்தைத் திரும்பப் பெறுவோரும் உளர். எவ்வழியாயினும் களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஆகலாம்.

இவ்வளவு சிறிய நார் புகழ் பெற்ற வீரர்களையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்க வீராங்கனை லின்ட்சி வான் 2013-இல் ஆஸ்திரியாவின் ஷ்லாட்மிங் நகரில் நடந்த உலகப் போட்டியில் விழுந்து வலது முழங்காலின் தசைநார்கள் இரண்டை அறுத்துக்கொண்டார்.

இனிக் காலணியின் பங்கு. முற்காலத் தோற்காலணி கணுக்கால் வரையே இருந்தது. ஆகவே முறுக்கு கணுக்காலைத் தாக்கியது. 1960-களில் பாப் லாஞ்சு என்பவர் புகுத்திய உயரமான, விறைப்பான நெகிழிக் காலணி கணுக்காலை அசையாதபடி காத்தது. ஒரு மூட்டை அசையாது கட்டினால் அங்கே வளைய வேண்டிய விசை அடுத்த மூட்டைத் தேடிப் போகும். அடுத்த மூட்டு முழங்கால். இவ்வாறு கணுக்காலைக் காத்த காலணியும் கீழ்க்கால் எலும்பைக் காத்த பிணைப்பும் சேர்ந்து துன்பத்தை ஒரு படி மேலே ஏற்றிவிட்டன என்க.

கதவும் கீலும்

கருவி பழுதின்றி இருந்தும் ஏன் திறக்கவில்லை? வகுப்பறைக் கதவே இதற்கு விடை சொல்லும். கைப்பிடியருகே ஒரு விரலால் தள்ளினால் கதவு திறக்கும். கீலுக்கு அருகே கையால் தள்ளினாலும் அசையாது. விசை இல்லாமலில்லை, அது கதவைத் திருப்புவதற்குப் பதிலாகக் கீலையும் நிலையையும் போய் அழுத்துகிறது.

சறுக்குக் காலணியின் கீல் குதிகாலில் இருக்கிறது. கட்டையின் முற்பகுதியில் விழும் பக்க விசை காலணி நுனியைக் கைப்பிடிப் பக்கம் தள்ளுவது போன்றது. அதை முன்பிடி உடனே உணர்ந்து திறக்கும். குதிகாலுக்கு அருகே விழும் பக்க விசை கீலருகே தள்ளுவது போன்றது. முன்பிடிக்குச் செய்தி எட்டுவதில்லை. ஆனால் முழங்காலோ குதிகாலுக்கு மேலே ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்விசை அந்த அரை மீட்டர்த் தண்டை நெம்புகோலாக்கி முழங்காலைப் பக்கவாட்டில் வளைக்கிறது, கூடவே திருகுகிறது. முன்பிடி அளப்பது முறுக்கை. முழங்கால் படுவது வளைவும் முறுக்கும் கலந்த துன்பம்.

பின்னோக்கி விழும்போது நிகழ்வது இதுவே. இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்குகிறது. ஒரு கை பின்னே வீசப்படுகிறது. உடலின் எடை முழுதும் கீழ்ச்சரிவுக் கட்டையின் பின்பகுதியில், அதன் உள்ளோரத்தில் விழுகிறது. குதிகாலுக்குப் பின்னே நீண்டிருக்கும் அப்பகுதி, பின்னோக்கித் திரும்பிய மற்றொரு பாதம்போல் செயற்பட்டு, மடங்கியிருக்கும் முழங்காலை உள்நோக்கித் திருகுகிறது. எட்லிங்கரும் அவர் தோழரும் இதனை 'மாயக்கால்' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். மனிதக் காலுக்குப் பின்பக்கம் பாதம் இல்லை. இல்லாத பாதத்தை நாமே மாட்டிக்கொண்டால், அதன் முறுக்கைத் தாங்க உடல் அறியாது.

வேறு வழிகளும் உள. தாவிக் குதித்துக் கட்டையின் வால் முதலில் தரையைத் தொட்டால், விறைப்பான காலணியின் பின்விளிம்பு கீழ்க்கால் எலும்பை முன்னே தள்ளிவிடும். உலகக் கோப்பைப் போட்டிகளில் நேர்ந்த 20 காயங்களின் படச்சுருள்களை நுணுகி ஆய்ந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அவற்றுள் பாதி, வழுக்கிப் போன வெளிக்கட்டையின் உள்ளோரம் திடீரெனப் பனியைப் பற்றிக்கொண்டதால் நேர்ந்தவை எனத் தெரிந்தது. பலருக்கு விழுவதற்கு முன்பே நார் அறுந்துவிட்டிருந்தது.

அப்படியானால் வில்லை மிகவும் தளர்த்திவிட்டால் என்ன? அது தீர்வன்று. வேண்டாத நேரத்தில் கட்டை கழன்றால் சறுக்குவோன் தலைகுப்புற வீழ்வான். பாறையிலும் மரத்திலும் மோதுவான். பிணைப்பு இரு தலைவர்க்கு ஊழியம் செய்வது. பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். குதிப்பக்கத்திலும் பக்கவாட்டில் விடுபடும் பிணைப்புகளைச் சிலர் செய்து விற்கின்றனர். எனினும் வாடகைக் கடைகளில் நம் கைக்கு வருவது பெரும்பாலும் பழைய இருவழிப் பிணைப்பே.

பனியில்லாத் திடல்களில்

இரு கால்களையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு சறுக்கும் 'ஸ்னோபோர்டு' ஆட்டத்தில் பிணைப்பு விடுபடுவதே இல்லை. எனினும் அதில் முழங்கால் காயங்கள் குறைவு. மணிக்கட்டு முறிவுகளே மிகுதி. இரு கால்களும் ஒரே பலகையில் நிற்பதால் ஒரு கால் மட்டும் தனித்துத் திருகப்படுவது அரிது. ஆகவே குற்றம் கட்டிவைத்ததில் மட்டும் இல்லை. தனிக்காலில் நீண்ட நெம்புகோலைக் கட்டிவைத்ததில் இருக்கிறது.

இந்த அறிவு பனிநாட்டுக்கு மட்டும் உரியதன்று. லிட்டில் இந்தியாவை அடுத்த ஃபேரர் பார்க் முன்னாளில் குதிரைப் பந்தயத் திடல். 1933-இல் பந்தயம் புக்கித் தீமாவுக்குப் போனபின் அங்கே தலைமுறை தலைமுறையாகப் பந்தாடியிருக்கிறார்கள். காற்பந்துக் காலணியின் அடிமுளைகள் புல்லைப் பற்றிக்கொள்ள, ஆடுபவர் உடலைத் திருப்பினால் முழங்கால் திருகுகிறது. அங்கே முளையே பிணைப்பு. எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் மண்தரையில் வெறுங்காலோடு சடுகுடு ஆடுவார்கள். மண் வழுக்கும், பாதம் விட்டுக்கொடுக்கும். இன்று போட்டிகளில் காலணியணிந்து மெத்தை விரிப்பின்மேல் ஆடுகிறார்கள். விரிப்பு சிராய்ப்பைக் குறைக்கிறது. ஆனால் பாதத்தை இறுகப் பற்றுகிறது. சடுகுடு வீரர்க்கும் இதே நார் அறுவது விளையாட்டு மருத்துவர் நன்கறிந்த செய்தி.

மாறாக, முழங்காலைக் கருதிச் செய்த பிணைப்பும் உண்டு. பெய்ல் தொடங்கிய அதே 'லுக்' நிறுவனம் 1984-இல் மிதிவண்டி மிதிக்கும் ஒரு பிணைப்பைக் கொணர்ந்தது. அடுத்த ஆண்டு பெர்னார் இனோ அதைக் கொண்டு பிரான்சு சுற்றுப் போட்டியை வென்றார். குதியை வெளிப்புறம் திருப்பினால் அது விடுபடும். பிற்காலத்தில் பாதம் சற்று இப்படியும் அப்படியும் திரும்ப இடந்தரும் வகைகளும் வந்தன. அவ்விடைவெளி முழங்காலுக்கென்றே வைத்தது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஞாயிறு காலையில் பறக்கும் இளைஞர் பலரின் காலடியில் உள்ளது சறுக்குப் பிணைப்பின் தம்பி என்பதை அவர்கள் அறியமாட்டார்கள்.

செய்யத்தக்கவை

கருவி காணாத இடத்தை அறிவு காண வேண்டும். அது இயலும் என்பதற்குச் சான்று உண்டு. 1993–94 பருவத்தில் எட்லிங்கர் குழுவினர் அமெரிக்காவின் 20 சறுக்குத் தலங்களில் காவற்பணியாளர்க்கும் பயிற்றுநர்க்கும், முழங்கால் எவ்வாறு கெடுகிறது என்பதைப் படங்காட்டி விளக்கினர். பயிற்சி பெற்றவர்களிடையே கடுமையான முழங்கால் காயங்கள் முன்னிரு பருவங்களைவிட 62 விழுக்காடு குறைந்தன. பிணைப்பை அவர்கள் மாற்றவில்லை; விழும் முறையைப் பற்றிய அறிவை மாற்றினார்கள். ஆசிரியர் தொழிலுக்கு இதைவிடப் பெருமை தரும் எண் வேறென்ன வேண்டும்?

அவர்கள் கற்பித்தவற்றைத் தொகுத்துரைப்போம். சறுக்கும்போது கைகள் எப்போதும் முன்னே இருக்கட்டும். கால்கள் ஒன்றையொன்று நெருங்கியிருக்கட்டும். பின்னே சாய்ந்துவிட்டோம் என்று கண்டால், எழ முயலாது விழுந்துவிடுவதே மேல். பாதி வீழ்ச்சியில் எழ முயல்வதே நாரை அறுக்கிறது. விழும்போது காலை விறைப்பாக நீட்டலாகாது, மடங்கியே இருக்கட்டும். கையைப் பின்னே ஊன்றலாகாது. வழுக்கி முற்றும் நின்றபின்னரே எழ வேண்டும். இறங்கும் முறை அறியாமல் தாவலாகாது.

வாடகைக் கடையில் செய்யத்தக்கவை வேறு. எடையையும் அகவையையும் உள்ளபடி சொல்லுங்கள். வெட்கத்தால் எடையைக் குறைத்துரைத்தால் கட்டை வேளையல்லா வேளையில் கழலும்; வீம்பால் 'நான் நன்றாகச் சறுக்குவேன்' என்று சொன்னால் வில் இறுகும்; விட வேண்டியபோது விடாது. ஒருமுறை கழன்றதென்று நீங்களே திருகி இறுக்கலாகாது. கட்டையை மாட்டியபின் சமதரையில் நின்று, காலை மெல்லத் திருப்பி முன்பிடி திறக்கிறதா என்றும், முன்னே சாய்ந்து பின்பிடி திறக்கிறதா என்றும் கடைக்காரர் முன்னிலையில் பார்த்துக்கொள்ளுங்கள். காலணி அடியில் ஒட்டிய பனியையும் மண்ணையும் துடைத்த பின்னரே மாட்டுங்கள். சிறுவர்க்குக் கீழ்க்கால் முறிவு இன்றும் பெரியோரைவிட மிகுதியாக நேர்கிறது. ஆகவே அவர்தம் பிணைப்பை அளவறிந்து வைத்ததைப் பெற்றோரே கண்ணாற் காண வேண்டும்.

விழுந்து முழங்காலில் ஓசை கேட்டாலோ, சில மணி நேரத்துள் மூட்டு வீங்கினாலோ, வலி குறைந்துவிட்டது என்று மறுநாள் மலையேறலாகாது. நார் அறுந்த மூட்டு நடக்கும்போது ஏமாற்றும், திரும்பும்போது காட்டிக்கொடுக்கும். மீண்டும் திருகினால் உள்ளிருக்கும் குருத்தெலும்பு வட்டும் கிழியும். உடனே மருத்துவரைக் காண்பதே முறை.

'பாதுகாப்பானது' என்று ஒரு கருவியின்மேல் எழுதியிருந்தால், எதிலிருந்து பாதுகாப்பு என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். சறுக்குப் பிணைப்பு பொய் சொல்லவில்லை. எலும்பைக் காப்பேன் என்றது, காத்தது. முழங்காலைக் காப்பேன் என்று அது சொன்னதே இல்லை. சொன்னதாக எண்ணிக்கொண்டவர் நாமே. அளக்கக் கற்றதை மட்டுமே கருவி காக்கும். அளவைக்குள் வராததை மனிதன்தான் தன் அறிவால் காத்துக்கொள்ள வேண்டும். இவ்வாண்டு விடுமுறைக்குப் பனிநாடு செல்லவிருக்கும் மாணவர் எவரேனும் உங்கள் வகுப்பில் இருந்தால், இயற்பியற் பாடத்தில் நெம்புகோலை நடத்தும் நாளில் கதவையும் கீலையும் காட்டி இதையும் ஒரு பத்து நிமிடம் சொல்லுங்கள். ஒரு முழங்கால் தப்பினால் அப்பாடம் பயன்பட்டதாகும்.